படிக்காமல் விட்ட இரண்டாவது பத்தி

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்கு மேலே ஓடும்.

1. எழுபத்தொன்பது செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது வாசற்கதவின் உள்பக்கம் ஒரு நீல நிற விமானக் கடிதம் கிடந்தது. அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘கன்னியம்மா, மீன் விக்கிறது’ என்று மட்டும் இருந்தது.

2. அதைப் பிரிக்காமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

3. பத்து மணித் தேநீரின்போது, எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இளையவளான ஜேனட் ஒரு மனுவை நீட்டினாள். இங்கிலாந்தின் கருக்கலைப்புச் சட்டத்தை இறுக்குவதற்காகப் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா வந்திருக்கிறது. அதை எதிர்க்கும் மனு.

4. பகல் உணவின்போது, எனக்கு மூத்தவரான மொரீன் இன்னொரு மனுவை நீட்டினார். அது மசோதாவை ஆதரிக்கும் மனு.

5. இரண்டிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஜேனட்டின் தாளில் எட்டாவது வரியில் என் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அவள் கேட்டபோது நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியிருக்கிறேன். கேட்டுக்கொண்டேன் என்பதற்காக ஆட்டினேன். போடுகிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

6. மூன்று மணிக்கு, கண்ணாடிக் குழாய்கள் கழுவும் அறையில் நின்று கடிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

7. அதன் பிறகு பார்த்த ஒரு கர்ப்பப் பரிசோதனையின் முடிவைத் தவறுதலாக மாற்றி எழுதினேன். இங்கே வந்த நான்கு வருடத்தில் இது முதல் தடவை. எல்லாவற்றையும் இன்னொருவர் மறுபடி பார்க்கும் வழக்கம் இருப்பதால் தப்பு வெளியே போகவில்லை.

*

நான் செங்கல்பட்டுக்காரி. சென்னையில் ஆய்வுக்கூட வேலை படித்தேன். எழுபத்திரண்டில், இருபத்திரண்டு வயதில், திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். எழுபத்தைந்தில் கல்யாணமாகி இங்கிலாந்து வந்தேன். நாட்டின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரம். கணவருக்குக் கார் தொழிற்சாலை, எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடம். மூன்று வயதில் ஒரு மகள். அவளிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. மீன் குழம்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பாலர் பள்ளியில் கொடுக்கும் ரொட்டித்தூள் தடவிய மீன் துண்டு வேண்டும் என்கிறாள். அதில் முள் இருக்காது. தலை இருக்காது. என்ன மீன் என்றும் தெரியாது.

இங்கே கர்ப்பப் பரிசோதனைக்கு இரண்டு நிமிடம். கறுப்புக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுச் சிறுநீர், ஒரு சொட்டு மருந்து, அதன்மேல் வெள்ளைத் துகள்கள். தகட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டவேண்டும். துகள்கள் திரளாமல் பால் மாதிரியே இருந்தால் கர்ப்பம். பெயரும் பிறந்த தேதியும் தவிர அந்தப் பெண்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை.

திருக்கழுக்குன்றம் சாலையில் எனக்குத் துகள்கள் கிடையாது. தேரைகள்தான். ஈரமணல் போட்ட சிமெண்டுத் தொட்டியில் பத்துப் பதினைந்து ஆண் தேரைகளை வைத்திருப்பேன். பெண்ணின் சிறுநீரைத் தேரையின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தி, மூன்று மணி நேரம் கழித்து, தேரையின் கழிவுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். தேரையின் விந்தணு தெரிந்தால் அந்தப் பெண் கர்ப்பம். அந்த மூன்று மணி நேரமும் பெண்கள் என் அறை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எல்லாருடைய கதையும் எனக்குத் தெரியும்.

கன்னியம்மாவை அதற்கு முன்பே தெரியும். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து மீன் கூடையோடு காலை பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள்தான் அவளுடைய முதல் வாடிக்கை. கூடையை என் அறைப் படிக்கட்டு நிழலில் வைப்பாள். நாற்றம் வருகிறது என்று கம்பவுண்டர் கத்துவார். “உன் மருந்து மட்டும் மல்லிப்பூவா மணக்குதா, அண்ணாத்த?” என்பாள். என் பெயர் அவளுக்குத் தேவைப்படவேயில்லை. முதல் நாளிலிருந்து நான் அவளுக்கு ‘டெஸ்டு பாப்பா’.

எழுபத்துமூன்றில் ஒரு நாள் மீனெல்லாம் விற்ற பிறகும் அவள் போகவில்லை. மூத்தவள் தேவியை வீட்டில் விட்டுவிட்டு, எட்டு மாதப் பையனை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

“நாள் தள்ளிப்போயிருக்குது. உன் தவளைகிட்ட கேட்டுச் சொல்லு.”

“தவளை இல்லக்கா, தேரை. ஆண் தேரை.”

“ஆம்பளையா? அதுக்கு இன்னா தெரியும்?” என்றாள். வாசலில் இருந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கியபோது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ சொல்ல வாணாம், எனக்கே தெரியும்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இப்ப வாணாம், பாப்பா. இவன் இன்னும் தவழவே இல்ல. பாலும் நின்னுபோச்சு. என் ஒடம்புல ரத்தம் எத்தினி கீதுன்னு நீதான பாத்த?”

பார்த்திருந்தேன். இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை.

“இவன் எழுந்து நடக்கட்டும். அப்பால ஒண்ணு பெத்துக்கறேன். எனக்கு மூணு வேணும்.”

“மூணு எதுக்குக்கா? ரெண்டு போதாதா?” சுவரில் சிவப்பு முக்கோணம் போட்ட குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம் மாட்டியிருந்தது. அதைப் படிப்பதுபோலத்தான் கேட்டேன்.

“உங்க வூட்ல நீங்க எத்தினி பேரு?”

“நாலு.”

“அப்ப போயி உங்க அம்மாவ கேளு” என்றாள்.

*

எங்கள் டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது ஒருதலையாகிவிடும்.

ஐம்பது வயதுக்காரர். சென்னையிலிருந்து தினமும் ரயிலும் பஸ்ஸும் மாறி வருவார். கருக்கலைப்புக்குச் சட்டம் வந்த வாரம், மூலையில் சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, பக்கத்தில் நின்று சுண்ணாம்பு அடிக்க வைத்து, அதை அறுவை அறையாக்கினார். சட்டத்துக்கு முன்பு, கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு சீழும் காய்ச்சலுமாக வந்த பெண்களை அவர் இருபது வருடம் பார்த்தவர். “இனி ஒருத்தியும் குச்சியோட இந்த வாசலுக்கு வரக் கூடாது” என்பார். வியாழக்கிழமைதான் அதற்கான நாள். வியாழக்கிழமைப் பட்டியல் என்றே பெயர்.

அதே அறையின் கதவில் மாதாமாதம் ஒரு தாள் ஒட்டுவார்கள். எத்தனை குடும்பக் கட்டுப்பாடு, அதாவது கு.க. ஆபரேஷன் செய்து முடித்திருக்கவேண்டும் என்ற இலக்கு. டாக்டரம்மா அந்த இலக்கையும் மனதார நம்பினார். இரத்தமில்லாத உடம்போடு நான்காவது ஐந்தாவது பிரசவத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தவருக்கு அது வெறும் அரசாங்க உத்தரவாகத் தெரியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தார். ஒரே மயக்கத்தில் கருக்கலைப்பும் கு.க. ஆபரேஷனும். இரண்டு குழந்தை உள்ளவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் முறை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முறை அப்படி இருந்தது.

காகிதமும் அப்படியே தட்டச்சாயிற்று. ஒரே தாள், இரண்டு பத்தி, அடியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கைநாட்டு, பக்கத்தில் கணவருடையது. முதல் பத்தி, இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்பது. இரண்டாவது பத்தி, இனி எந்தக் கர்ப்பமும் வேண்டாம், குழாயைக் கட்டிவிடச் சம்மதம் என்பது. பெண்ணுக்குப் படித்துக் காட்டிவிட்டு ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். என் குரல் கணீரென்று இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

முதலில் இரண்டு பத்தியையும் படித்தேன். ஒழுங்காகத்தான் படித்தேன். ஒரு வியாழக்கிழமை, உள்ளடங்கிய கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெண் இரண்டாவது பத்தியைக் கேட்டதும் எழுந்து நின்றாள். “அது வாணாம்மா, மேல இருக்கறது மட்டும் செய்யுங்க” என்றாள். அப்படிச் செய்யும் முறை இல்லை என்றேன். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஒன்பதாம் நாள் அவளை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். எருக்கங்குச்சி. பிழைக்கவில்லை.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. “ஒருத்தி மனசு கோணக் கூடாதுன்னு முழுசாப் படிச்சே. அவ போயிட்டா. நூறு பேருக்கு நல்லதுன்னா, ஒருத்திகிட்ட ரெண்டு வரி குறைச்சுப் படிச்சா என்ன பாவம்?” என்றார்.

முதல் பத்தியில் உள்ளதை மட்டும் அவளுக்குச் செய்திருக்கலாமே என்று எனக்கு அன்று தோன்றவேயில்லை. இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். என் முன்னால் இரண்டு வழிகள்தான் தெரிந்தன: படித்தால் சாவாள், படிக்காவிட்டால் பிழைப்பாள். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து நான் முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

கன்னியம்மாவின் முறை வந்தபோது அவள் கேட்டாள். “கீழ இன்னமும் எழுத்து கீதே, அது இன்னா?”

“அது ஆஸ்பத்திரி விஷயம்க்கா.”

பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள். அவள் கணவரும் வெளியே மரத்தடியில் பையனை வைத்துக்கொண்டு நின்றபடி வைத்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, தையல் போட்டுக்கீறாங்க? கலைக்கிறதுக்கு வயித்தக் கீறுவாங்களா?” என்று கேட்டாள்.

“சிலருக்கு அப்படித்தான்க்கா” என்றேன்.

படிக்காததைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. படிக்காததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். இதற்கு ஒன்றும் இல்லை. அவள் என்னை நம்பித் தலையணையில் மறுபடி தலையை வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் கூடையோடு வந்தாள். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் சில நாட்கள் நானும் அவளோடு மகாபலிபுரம் பஸ் ஏறிவிடுவேன். சவுக்குத் தோப்பு வழியாக நடந்தால் மணல் சுடாது. கட்டுமரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் அண்ணி வறுத்துத் தரும் சங்கரா மீனைக் கையைச் சுட்டுக்கொண்டு தின்போம். தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரர்களை ஏற்றிய பஸ்கள் வரிசையாகத் திரும்புவது தூரத்தில் தெரியும். “இவ்ளோ படிச்சுக்கினு ஒரு மீனுக்கு முள்ளு எடுக்கத் தெரில” என்று என் கையிலிருந்து பிடுங்கி எடுத்துக் கொடுப்பாள். நான் இங்கே ஏங்குவது கடலுக்குத்தானா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடல் இந்த நாட்டிலும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் கூழாங்கல் கரையில் போய் நிற்கலாம். போய் நின்றும் இருக்கிறேன். இந்த நாட்டில் எல்லாரும் என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்கள். கையிலிருந்து பிடுங்குகிறவர்கள் யாரும் இல்லை.

*

கடிதம் அவள் மகள் தேவியின் கையெழுத்தில் இருந்தது; முகவரியைச் செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறாள். பேச்சு முழுக்கக் கன்னியம்மாவுடையது. அப்படியே தருகிறேன்.

‘டெஸ்டு பாப்பாவுக்கு கன்னியம்மா எழுதிக்கிறது. நல்லா கீறியா. உன் பொண்ணு நல்லா கீதா. நாங்க நல்லா கீறோம். பையன் பள்ளிக்கூடம் போறான். நாலு வருசமா நான் மூணாவதுக்கு சாமி கும்பிட்டுக்கினு கீறேன். வேப்ப மரத்த சுத்தறேன், வெள்ளிக்கெழம சோறு துண்றதில்ல. போன மாசம் ஒரு நர்சம்மா குப்பத்துக்கு வந்துச்சு. ரிஜிஸ்தரு பாத்துட்டு, உனக்குத்தான் கொழா கட்டியாச்சே, எதுக்கு மரத்த சுத்தறன்னு சிரிச்சுது. எங்க வூட்டுக்காரரு அந்தம்மாவ அடிக்கப் போயிட்டாரு. நான்தான் புடிச்சேன்.

பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரில கட்டினத அவுத்து உடுவாங்களாம். போனேன். கொழந்த செத்தவங்களுக்குத்தான் அது, உனக்கு எத்தினி செத்துச்சுன்னு கேட்டாங்க. ஒண்ணும் சாவல, ரெண்டும் கல்லாட்டம் கீதுன்னேன். அப்ப எதுக்கு இன்னொண்ணுன்னு கேட்டாங்க. வேணும்னு கீது, அதுக்கு இன்னா காரணம் சொல்றது? கேக்காம செஞ்சாங்கன்னு சாட்சிக்காரங்க எழுதிக் குடுத்தா பாக்கலாம்னு கடைசியா ஒரு டாக்டரு சொன்னாரு. சாட்சி நீதான. படிச்சியா இல்லியா, அத மட்டும் எழுதி அனுப்பு. கோவமான்னு கேட்டா, கோவந்தான். மொதல்ல எழுதி அனுப்பு, அப்பால திட்டறேன்.’

கீழே பென்சிலில், சிறிய எழுத்தில்: ‘அம்மா அழுவுது. அத எழுதாதன்னு சொல்லிச்சு. நான் தேவி, அஞ்சாவது.’

*

அன்று மாலை என் கணவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவர் செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பொல்லாதவர் இல்லை.

“சாட்சின்னு கையெழுத்துப் போட்டவ நீ. நீயே அது பொய்னு எழுதிக் கொடுத்தா, இங்க வேலை பார்க்கறதுக்கான உன் பதிவு என்ன ஆகும்?” என்றார்.

“தெரியல.”

“டாக்டரம்மாவுக்கு?”

“தெரியல.”

“எழுதாமலே இருந்தா என்ன ஆகும்?”

“கன்னியம்மாவுக்கு ஆபரேஷன் கிடையாது. அது மட்டும் தெரியும்.”

அவர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். மகளைக் குளிப்பாட்டத் தூக்கிக்கொண்டு போனார்.

எனக்குப் பெரிய பயம் என் பதிவைப் பற்றி இல்லை. என் காகிதம் போனால் விசாரணை வரும். விசாரணை வந்தால் அந்தச் சுண்ணாம்பு அடித்த அறையைப் பூட்டலாம். பூட்டினால் வியாழக்கிழமை வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள். திரும்பிப் போன ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கு நியாயம், மற்றவர்களுக்கு ஆபத்து. டாக்டரம்மா அன்று கேட்ட அதே கேள்வி, இப்போது வேறு பக்கத்திலிருந்து வந்தது. அன்று சுலபமாகப் பதில் சொன்னவள் நான்.

மறுநாள் உணவறையில் ஜேனட்டும் மொரீனும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பனிக்காலத்தில் ஜேனட்தான் என்னைத் தன் காரில் வீட்டில் விடுகிறாள். மகள் பிறந்தபோது அம்மா பக்கத்தில் இல்லாத எனக்கு வெந்நீர்ப் பையும் சூப்பும் கொண்டுவந்தவர் மொரீன். யாருக்கும் மறுப்புச் சொல்வது எனக்குக் கஷ்டம்.

“உங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறதாமே, கணவன் சம்மதம்கூட வேண்டாமாமே? எங்களுக்கு இரண்டு டாக்டர் கையெழுத்து வேண்டும். நீங்கள் எங்களைவிட முன்னால் போய்விட்டீர்கள்” என்றாள் ஜேனட்.

“முன்னாலா? ஒரு பெண் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பதா முன்னேற்றம்? அவளைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது” என்றார் மொரீன்.

“அந்தப் பெரியது எது என்று யார் சொல்வது, மொரீன்? நீங்களா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டாமல் கெட்டியாக வைத்துக்கொண்டேன். மொரீன் சொல்லும் பெரியது, பெண்ணைப் பார்த்து, பிள்ளை பெற்றுக்கொள் என்கிறது. எங்கள் கதவில் ஒட்டியிருந்த பெரியது, பெறாதே என்றது. இரண்டுக்கும் நல்ல மனிதர்கள் பாடுபடுகிறார்கள். சரி, அப்படியானால் ஜேனட்டின் மனுவில் போடலாமே என்று தோன்றியது. ஆனால் எங்கள் ஊரில் சட்டம் ஜேனட் கேட்பதைத்தான் கொடுத்தது. அதை நடைமுறைப்படுத்தும் இடத்தில் நான் நின்றேன், நான் இரண்டாவது பத்தியைப் படிக்கவில்லை. இதை அவர்களிடம் ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். “எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் இருந்தது” என்று ஆரம்பித்தேன். இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஜேனட் என் தோளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

*

மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். நான்காம் நாள் ஒரு பக்கத்தில் முடிந்தது. கன்னியம்மாவுக்கு முதல் பத்தியை மட்டும் படித்தேன். அவள் கேட்டும் இரண்டாவதைச் சொல்லவில்லை. தையலைப் பற்றிக் கேட்டபோது பொய் சொன்னேன். அவள் கேட்டது இவ்வளவுதான். இதோடு நிறுத்தினால் ஒருவேளை விசாரணைகூட வராமல், ஒரு தனிக் கேஸாகப் போய்விடும். பேனாவை மூடிவிட்டு, இரண்டாவது பத்தியை நான் படித்துக் காட்டாத மற்ற பெண்களை எண்ணிப் பார்த்தேன். பதினேழு முகம் வரை நினைவுக்கு வந்தது. அதில் இன்னும் யார் யார் மரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்? பேனாவைத் திறந்து, ‘வேறு பெண்களுக்கும் இவ்வாறே செய்தேன்’ என்று ஒரு வரி சேர்த்தேன். இருக்கும் குழந்தைகள் போதும் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்களும் அவர்களில் உண்டு. முழுவதும் படித்திருந்தால் அந்தக் கூட்டத்தில் யார் திரும்பிப் போய்ச் செத்திருப்பார்கள் என்று டாக்டரம்மா விரல் விட்டுச் சொல்லுவார். அவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

வக்கீல் முன்னால் உறுதி செய்த சத்தியக் கடுதாசியாக இருந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்பார்கள் என்பதை, தேவிக்கு எழுதிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே வக்கீல் அலுவலகம். வயதான வக்கீல். எந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்ய விருப்பம் என்று கேட்டார். புத்தகம் இல்லாமல் உறுதி சொல்லலாமா என்றேன். சொல்லலாம் என்றார். பிறகு, நான் எழுதியதையே எனக்குப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் அப்படிக் கேட்பது அவர் வழக்கமாம்.

நானே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. ஒவ்வொரு எழுத்தும் தெரியும். “படியுங்கள்” என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். ஒவ்வொரு பத்தி முடிவிலும் நிறுத்தி, புரிகிறதா என்று என் முகத்தைப் பார்த்தார். புரிகிறது என்றேன். தையல் வரும் இடத்தில் அவர் குரல் கொஞ்சம் மெதுவானது. ஆனாலும் விடாமல் படித்தார். கடைசி வரியைப் படித்துவிட்டு, எதையாவது மாற்றவேண்டுமா, நன்றாக யோசியுங்கள், அவசரமில்லை என்றார். அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் இருந்தது. மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அவர் தண்ணீர் கொடுத்தார். மாற்ற ஒன்றுமில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கும், ஒன்றைக் கன்னியம்மாவுக்கும், ஒன்றை டாக்டரம்மாவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

டாக்டரம்மாவின் பதில் நவம்பர் கடைசியில் வந்தது. ‘உன் காகிதத்தை விசாரணையில் என் முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு வரியும் உண்மை, படிக்கவேண்டாம் என்று சொன்னது நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ எழுதியது சரி. நான் செய்ததும் தப்பென்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. இந்த வாரம் வியாழக்கிழமை வந்த ஆறு பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இதையும் உனக்குத் தெரிவிக்கவேண்டும் என்று நினைத்தேன்.’ அடியில் ஆசீர்வாதத்துடன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார்.

*

இது டிசம்பர். இன்றைய நிலை:

மசோதா இன்னும் குழுவில் இருக்கிறது. ஜேனட்டின் மனுவிலும் மொரீனின் மனுவிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. எட்டாவது வரியில் என் பெயரை ஜேனட் கோடு போட்டு அடித்துவிட்டாள். இருவரும் என்னோடுதான் சாப்பிடுகிறார்கள். என் பதிவைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கன்னியம்மாவைப் பொங்கல் கழித்து ஆபரேஷனுக்கு வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பலிக்கும் என்று உறுதி சொல்லமாட்டோம், வாய்ப்பு பாதிக்கும் குறைவு என்று டாக்டர் சொன்னதாகத் தேவி எழுதியிருக்கிறாள். கன்னியம்மா அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லி, முழுக்கக் கேட்டுக்கொண்டு, சரி என்று கைநாட்டு வைத்தாளாம்.

அந்த அறை பூட்டியிருக்கிறது. விசாரணை எப்போது முடியும் என்று தெரியாது. வியாழக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு அடுத்த ஆஸ்பத்திரி இரண்டு பஸ் தள்ளி இருக்கிறது. அவர்கள் அங்கே போகிறார்களா என்று யாரும் எனக்கு எழுதவில்லை.